இழுவை கட்டிய பெட்டி

லிஃப்ட் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. சம்பளச் சீட்டில் ஒரு பெயர் இருக்கிறது, அது சம்பளச் சீட்டோடு சரி. மற்றபடி பழைய ஆட்களுக்கு அவர் ‘இழுவை’, புதிய ஆட்களுக்கு ‘இழுவை அண்ணன்’. பெயர் வந்ததற்குக் காரணம் இரண்டு. எந்த வயரை முடுக்கினாலும் உடனே அதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். கையோடு வராவிட்டால்தான் அடுத்ததற்குப் போவார். அது ஒன்று. அரை நாள் வேலையைக் கொடுத்தால் பொழுது சாயும்வரை இழுப்பார், அது இன்னொன்று. ‘இன்னொரு தரம் பாத்துடுவோம்’ என்பது அவர் வாயில் ஒட்டிக்கொண்ட பேச்சு. கூட வேலை செய்கிறவர்களுக்கு உயிர் போகும். ஆனால் அவர் கைவைத்த லிஃப்ட் நடுவழியில் நின்றதாக இதுவரை யாரும் சொன்னதில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் கல்யாணமே இந்த இழுவையால் நடந்ததுதான். ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் வீடியோ கேம் கடை. ஆளுயரப் பெட்டிகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, ஆறு பொத்தான். டோக்கன் கொடுக்கும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். கூட்டம் குறைந்தால் அவளே எழுந்து வந்து சண்டை கேம் பெட்டி முன்னால் நிற்பாள். மீசை முறுக்கிக்கொண்டு வந்த இளவட்டங்கள் வரிசையில் நின்று அவளிடம் தோற்றுப் போவார்கள். அவள் வலது கை பொத்தான்மேல் விழுவதும் எடுப்பதும் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு வேகம். அந்த மாடியில் லிஃப்ட் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று இவரை அனுப்பினார்கள். கதவில் இருந்தது ஒரு தளர்ந்த திருகு, அவ்வளவுதான். அதை இவர் இழுத்த இழுப்பில் கடைக்காரர் கம்பெனிக்கு ஃபோன் போட்டுவிட்டார். வேலைக்கு நடுவே அவளோடு ஆடி ஆடித் தோற்றார். கடைசியில் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டார்.

“ஒரு ஆட்டமாவது ஜெயிச்சிருந்தா உங்களைக் கட்டியிருக்கவே மாட்டேன். தோத்துட்டும் சிரிச்சது நீங்க ஒருத்தர்தான்” என்று அவள் இன்றைக்கும் சொல்வாள்.

அந்த வலது கைக்குத்தான் வந்தது. போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் பிரஷைத் தவறவிட்டாள். குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதே பேச்சு வந்துவிட்டது, வாய் முன்னைவிடக் கூர்மை என்றுகூடச் சொல்லலாம். கால் பிறகு வந்தது, லேசான இழுப்போடு. கை மட்டும் பாதி வழியில் நின்றுகொண்டது. அழுத்துவாள், பிடிப்பாள். எடுக்க வராது, விரிக்க வராது. மேஜைமேல் வைத்தால் வைத்த இடத்திலேயே அழுத்திக்கொண்டு கிடக்கும். இடது கையால் அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வாள்.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபிக்காரப் பெண் பூசி மெழுகாமல் சொன்னாள். “அழுத்துறது வந்துடுச்சும்மா, நல்ல சேதி. எடுக்கறதுதான் வரணும். அது வர வேண்டிய காலம் இதுதான். இப்ப முயற்சியை விட்டுட்டா கை அப்படியே இறுகிடும். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல.”

இவள் முயலாமல் இல்லை. தினம் கையை மேஜைமேல் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, விரலையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விரல் இம்மி அசையாது. ஒருநாள், “போதும். கை போச்சு. போனதுகிட்ட தினம் கெஞ்சிக்கிட்டு இருக்க என்னால முடியாது” என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பிசியோ பெண் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். இழுவை எத்தனையோ லிஃப்டை எழுப்பிவிட்ட மனுஷன். இங்கே பிடித்து இழுத்துப் பார்க்க ஒரு வயர்கூட இல்லையே என்று கம்பெனி மெஷின் ரூமில் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

பெட்டி செய்யும் யோசனை மகளால் வந்தது. அவளுக்குத் தெரியாமலே வந்தது. அவள் படங்களுக்குத் தமிழில் துணைத்தலைப்பு அடிக்கும் வேலை பார்க்கிறாள், வீட்டிலிருந்தே. வேலை அலுத்துப்போன ஒரு மத்தியானம் அம்மாவின் அந்தப் பழைய சண்டை கேமைக் கணினியில் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். வாசலில் சாய்ந்து நின்ற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“குதிக்காதடி! அவன் வரட்டும். வந்தப்புறம் அடி. ஐயோ, உக்காருடி மண்டு!”

பின்னால் வந்த இழுவை அந்த முகத்தைப் பார்த்தார். மழைக்காலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அவ்வளவு உயிரை அவர் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டார். கேமுக்கென்று விற்கும் கைக்கருவியை அவளால் பிடிக்க முடியாது. கீபோர்டில் கையை வைத்தால் ஒரு கை கனத்துக்குப் பாதிக் கட்டைகள் சேர்ந்து அமுங்கும். பழைய கடையில் இருந்த மாதிரியே பெரிய பொத்தான் வைத்த பெட்டி ஒன்று செய்ய வேண்டும். அழுத்தினால் அடி விழும். மறுபடி அடிக்க வேண்டுமென்றால் எடுத்துத்தானே ஆக வேண்டும்? கெஞ்சினால் எடுக்காத கை, ஜெயிக்க வேண்டுமென்றால் எடுக்காதா? அவர் கணக்கு அதுதான்.

முதலில் பரணில் கிடந்த பழைய கீபோர்டைப் பிரித்தார். உள்ளே ஒரு சின்ன போர்டு, கோடு கோடாகப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் தாள். எந்தக் கோடு எந்தக் கோட்டைத் தொட்டால் எந்த எழுத்து என்று தடவித் தடவிக் கண்டுபிடித்து வயர் வைத்தார். ஒவ்வொன்றாக அழுத்தினால் பத்தரைமாற்று. மூன்றைச் சேர்த்து அழுத்தினால் யாருமே அழுத்தாத நாலாவது எழுத்து ஒன்று திரையில் வந்து நின்றது. ‘இன்னொரு தரம் பாத்துடுவோம்’ என்று அழுத்தினார். மறுபடியும் வந்தது. அந்த போர்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பார்ட்ஸ் கடைக்குப் போனார்.

பார்ட்ஸ் கடைக்காரர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். “பேய் எழுத்துண்ணே. கீபோர்டுக்குள்ள கோடு எல்லாம் பங்காளிங்க மாதிரி, ஒரே பாதையை நாலு பேரு பிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. மூணு மூலையை ஒண்ணா அழுத்துனா நாலாவது மூலையும் அழுத்துனதா அது நெனச்சுக்கும். டைப் அடிக்கறவங்க மூணா அழுத்துவாங்க? கேமுக்கு இது ஆகாது. எந்த பட்டனை அழுத்துனோம்னு கணினிக்குச் சொல்ற என்கோடர் போர்டு போடுங்க.”

போடுங்க என்று சொன்னதோடு விட்டிருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இழுவை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று போர்டு கண்ணாடி மேஜைமேல் வந்தது.

“இதை மாட்டினா கணினி என்னன்னு நெனைக்கும்?”

“ஜாய்ஸ்டிக்னு நெனைக்கும். எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க.”

“அந்தப் பழைய கேம் கீபோர்டைத் தவிர வேற எதையும் மதிக்காதாம், என் பொண்ணு சொல்லிட்டா. அடுத்தது?”

“இது கீபோர்டுன்னு நெனைக்கும். ஆனா உள்ள அதே பங்காளி வயரிங். கரண்ட்டை ஒரு பக்கமா மட்டும் விடுற டையோடு வச்சீங்கன்னா பேய் வராது.”

“டையோடு ஒண்ணு போயிடுச்சுன்னா?”

“போகாதுண்ணே.”

“போனா?”

கடைக்காரர் மூன்றாவதை முன்னால் தள்ளினார். “இதுல ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி வயர். திரும்பி வர்றதுக்கு எல்லாத்துக்கும் பொதுவா ஒரே வயர். கணினிக்கு இது கீபோர்டு. எத்தனை பட்டனை ஒண்ணா அழுத்துனாலும் அத்தனையும் அப்படியே போகும். பேயும் இல்ல பிசாசும் இல்ல.”

“பொது வயர் அறுந்தா?”

“எல்லாம் நின்னுடும்.”

“அப்ப அதை ஒரு வளையமா சுத்திக் கொண்டாந்து ரெண்டு முனையையும் போர்டுல கட்டிட்டா, ஒரு பக்கம் அறுந்தாலும்…”

“அண்ணே!” கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “இது கேம் பொட்டிண்ணே. இதுல ஆளு ஏறி மாடிக்குப் போகப் போறதில்ல.”

இழுவை சிரித்துக்கொண்டே மூன்றாவது போர்டை எடுத்துக்கொண்டார். ஐந்து சாதாரணப் பொத்தான், உள்ளங்கை அகலத்தில் ஒரு பெரிய பொத்தான். குச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பெரியது அவள் வலது கைக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஹாலே பட்டறையாகிவிட்டது. பிளைவுட்டில் ஓட்டை போட்டு, விளிம்பெல்லாம் அவள் மணிக்கட்டு உரசாமல் தேய்த்து, பொத்தான்களை இறக்கினார். ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் ஒரு குட்டி சுவிட்ச், சுவிட்சுக்கு மூன்று கால். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய் வயரைச் செருகியது. செருகச் செருக ஒரு இழுப்பு. மீட்டரை வைத்துப் பார்த்தார், ‘கீ’ என்றது. இன்னொரு தரம் பார்த்தார், மறுபடியும் ‘கீ’ என்றது. ஆறும் கூவின. எல்லாம் நலம் என்று நெட்டி முறித்துக்கொண்டு எழுந்தார். பெட்டிக்கு இன்னும் அடிப்பலகை போடவில்லை; நடுவில் திறந்த ஒரு ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்திருந்தது, வயர்களெல்லாம் கீழே தொங்கின.

மகள் கணினியில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கேபிளைச் செருகினாள். யாரும் எதையும் தொடவில்லை. பக்கம் முழுக்க எழுத்து பிய்த்துக்கொண்டு ஓடியது.

ஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆ

“ஐயோ, என்னப்பா இது, இப்படிக் கத்துது!” என்றாள் மகள். வேலைக்காகத் தமிழ் எழுத்து போட்டிருந்தாள். பெரிய பொத்தானுக்கு விழுந்த எழுத்து ஆ; எத்தனை சேர்ந்து அமுங்கினாலும் கடைசியாக அமுங்கியதுதான் திரும்பத் திரும்ப ஓடும்.

இழுவை பதறிப் பெரிய பொத்தானை அழுத்தினார். ஓட்டம் நின்றது. கையை எடுத்தார். ஆஆஆஆ. அழுத்தினார், அமைதி. எடுத்தார், கூப்பாடு. மற்ற பொத்தான்களும் அப்படியே, அழுத்திவிட்டு விட்டால்தான் ஓடியது.

“அப்பா, சும்மா இருந்தா அழுத்துனதா நெனைக்குது. அழுத்துனா விட்டதா நெனைக்குது. எல்லாமே தலைகீழ்!”

இழுவை நெற்றியில் அடித்துக்கொண்டார். சுவிட்சின் மூன்று காலில் ஒன்று பொது. அழுத்தும்போது சேர்கிற கால் ஒன்று, சும்மா இருக்கும்போதே சேர்ந்திருக்கிற கால் ஒன்று. உலகத்தில் வேறு யார் செய்தாலும் அழுத்தும்போது சேர்கிற காலில்தான் கேம் பொத்தானை மாட்டுவார்கள். லிஃப்டில் அப்படி இல்லை. அங்கே பாதுகாப்பு வயரில் மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கதவு திறந்தாலும், நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும், எலி கடித்தாலும் அந்த ஓட்டம் அறுந்து லிஃப்ட் நின்றுவிட வேண்டும். சும்மா இருக்கும்போது மீட்டர் கூவினால் அங்கே எல்லாம் நலம். காலமெல்லாம் அந்தக் காலிலேயே வயர் செருகிப் பழகிய கை அது. இங்கேயும் அதையே செய்துவிட்டு, அதே தப்பான கூவலை இரண்டு தரம் கேட்டுத் திருப்திப்பட்டுமிருக்கிறது.

மகளுக்கு விஷயம் புரிந்ததும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “அம்மா, இங்க வாயேன்! அப்பா கேம் பொட்டிக்கு லிஃப்டு வயரிங் போட்டு வச்சிருக்காரு!”

அம்மா ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தாள், இடது கையில் டீ டம்ளர். திரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. “அதுல மாடிக்குப் போகலாமாங்க?” என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“சிரிங்க, சிரிங்க. கால் மாத்திச் செருக எவ்வளவு நேரம் ஆகும்? அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவர் எங்கம்மா?”

“உள்ள இருக்கும், பாக்கறேன்.” மகள் போகும்போது அம்மாவின் வலது கையைத் தூக்கிப் பெரிய பொத்தான்மேல் வைத்தாள். கனத்துக்குப் பொத்தான் அமுங்கியது, ஓட்டம் நின்றது. “கொஞ்ச நேரம் இப்படியே வச்சிரும்மா. கத்திக்கிட்டே இருக்கு.”

“ஆமா, அதுக்காவது இந்தக் கை உதவட்டும்” என்றாள் அம்மா. சிரிப்பு போய்விட்டிருந்தது.

இழுவைக்குச் சுருக்கென்றது. ஸ்டாண்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, எந்த வயர் எந்தக் காலில் என்று எண்ணி அடையாளம் வைத்துக்கொண்டிருந்தார். திரை அங்கிருந்து தெரியாது.

“என்னங்க, மறுபடி ஓடுது” என்றாள் மேலிருந்து.

“கையை எடுத்தியா?”

“எடுக்கறதா? நானா? நல்லாக் கேட்டீங்க.”

“அப்ப லூஸ் கான்டாக்ட்டா இருக்கும்.” சொல்லும்போதே அவருக்கு நாக்கு கசந்தது. அவர் வேலையில் லூஸ் கான்டாக்ட்டா! பெரிய பொத்தானின் வயரைப் பிடித்து இழுத்தார். கல் மாதிரி இருந்தது. “இப்ப?”

“நின்னுடுச்சு.”

பொது வயரை இழுத்தார். அதுவும் அசையவில்லை. “இப்ப?”

பதில் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ கனமான சாமானைத் தூக்குகிற மாதிரி மேலே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

“ஓடுது” என்றாள். குரல் என்னவோ போல இருந்தது.

“இது என்னடா வம்பு!” போர்டில் முடுக்கிய திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். கேபிளை ஆட்டினார். “இப்ப?”

“நின்னுடுச்சு.”

“எல்லாம் இறுகித்தானே இருக்கு! இப்ப?”

மறுபடியும் அந்த மௌனம், மறுபடியும் அந்த மூச்சு. பிறகு, “ஓடுது.”

“போர்டே போச்சு போலிருக்கு. அந்தக் கடைக்காரனை…”

“இழுங்க, இழுங்க. இன்னும் நல்லா இழுங்க, இழுவை” என்றாள் அவள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரை இழுவை என்று கூப்பிட்டதில்லை. டோக்கன் கொடுத்த காலத்தில், எதிராளி எழ முடியாமல் விழுந்து கிடக்கும்போது வருகிற குரல் அது. அவர் அவசரமாக எழுந்து, ஸ்டாண்டில் மண்டையை நங்கென்று இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

இடது கையில் டம்ளர் அப்படியே இருந்தது, டீ பாதி புடவைமேல் சிந்தியிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை, கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலது கை பொத்தான்மேல்தான் இருந்தது. திரையில் ஆஆஆஆ ஓடிக்கொண்டிருந்தது. அவர் பழக்கதோஷத்தில் மறுபடி வயரைப் பார்த்தார்.

“வயரை விடுங்க. கையைப் பாருங்க.”

குனிந்து பார்த்தார். உள்ளங்கைக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. அவ்வளவுதான். அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் அதன் வழியாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை தளர்ந்து விழுந்தது, ஓட்டம் நின்றது.

“மொதல்ல வயருதான்னு நானும் நெனச்சேன். நீங்க இழுக்காதப்பவும் ஓடுச்சு. அப்புறந்தான் எடுத்துப் பாத்தேன்” என்றாள். சொல்லி முடிக்கவில்லை, உடைந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

இழுவை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னார். எத்தனை மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல், எழுந்து போனதே தெரியாமல் போய்விட்டது. அவள் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்த்தார். அவள் அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

“கையோட வந்துடாது, பயப்படாதீங்க.”

ஸ்க்ரூடிரைவரோடு வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா தரையில், அம்மா டீயில் நனைந்து, இரண்டு பேரும் அழுதுகொண்டு. என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே குனிந்தாள்.

“எந்த வயருப்பா மாத்தணும்?”

“அஞ்சையும் மாத்து. பெருசைத் தொடாதே.”

“அது மட்டும் தப்பாவே இருக்குமே?”

“இருக்கட்டும்டி. உங்கப்பா ரெண்டு தரம் பாத்துப் பண்ணின தப்பு, லேசுல கிடைக்காது” என்றாள் அம்மா.

மறுநாள் பிசியோ பெண் வந்தபோது அவள் சுவரைப் பார்க்கவில்லை. கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எடுங்கம்மா என்றாள் அந்தப் பெண். முட்டி போட்டுக் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா” என்று சொல்லி வாய் மூடவில்லை, திரையில் ஒரு ஆ வந்து நின்றது. அந்தப் பெண் பையைத் தரையில் வைத்தாள். “இவ்வளவு நாளா என் கண்ணுக்குத் தெரியாமப் போச்சே. வழி இருக்கும்மா. இனிமே விட்டுடாதீங்க, என்ன?”

“நான் எங்க விடப்போறேன்? இவரைத் தோக்கடிக்க வேண்டாமா?”

வேலைக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற இழுவை மணியைப் பார்த்தார். அப்படியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

“இன்னொரு தரம் பாத்துடுவோம்” என்றார்.